லூர்துநாதன் வாய் திறந்த நிமிடங்கள்

பக்கவாதம் வந்து பேச்சு போன நாளிலிருந்து லூர்துநாதனுக்கும் சேர்த்து மனைவி பெலிசியாதான் பேசினாள்.

அதற்கு முன்பு அவர் கடலூர் - சிதம்பரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று அவர் குரல் கொடுத்தால், தூங்குகிறவர்கள்கூட எழுந்து பையைத் தூக்குவார்கள். இப்போது கைகால் ஓரளவு தேறிவிட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. வார்த்தைதான் வரவில்லை. வாரத்தில் ஒருநாள் இருவரும் பேச்சுப் பயிற்சிக்காகச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள்.

பயிற்சி கொடுக்கிற எழிலரசி ஒருநாள் பெலிசியாவைத் தனியே கூப்பிட்டாள்.

"இங்க வந்தா ரெண்டு மூணு சத்தமாவது எடுக்குறாரு. வீட்ல எப்படிம்மா?"

"வீட்ல வாயே தொறக்கறதில்ல மேடம். சும்மா குந்திக்கினு இருக்காரு."

"முயற்சியே பண்ணலன்னா இது இப்படியே நின்னுடும்மா. அதான் எனக்கு பயம். ஒண்ணு பண்ணுங்க. அவரு வீட்ல சாதாரணமா இருக்கறப்ப போன்ல வீடியோ எடுங்க. அப்புறமா போட்டுப் பாருங்க. எந்த நிமிஷத்துல வாய் அசையுது, சத்தம் வருதுன்னு எழுதிட்டு வாங்க."

இப்படியே நின்றுவிடும் என்ற பேச்சு, பஸ்ஸில் வழியெல்லாம் அவள் கூடவே வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். மாதாவே, இவர் குரலை நான் இனிக் கேட்கவே மாட்டேனா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் தம்பி ஆரோக்கிய ஜெகன் வந்து, எண்ணெய் டின்னில் போனைச் சாய்த்து வைத்துக் கொடுத்தான்.

"இன்னாக்கா, மாமாவ வச்சி சேனல் ஆரம்பிச்சிட்டியா? மாமா, தலைய வாரிக்கங்க. ஊரே பாக்கப்போவுது."

லூர்துநாதன் ஒரு பக்க உதட்டால் சிரித்தார்.

"இதோ பாருக்கா, கீழ நம்பர் ஓடுது. முன்னாடி இருக்கறது நிமிஷம், பின்னாடி செகண்டு. நிறுத்தி நிறுத்தி எழுது."

"அஞ்சாங்கிளாஸ் படிச்சவ எழுதுனா மேடத்துக்குப் புரியுமாடா?"

"டாக்டருங்க எழுதறது நமக்குப் புரியுதா? எழுதுக்கா!"

காலை டிபன் சாப்பிட்டதையும், சாயங்காலம் ஜெபமாலை சொன்னதையும் எடுத்தார்கள். அடுத்த நாள் வேலையெல்லாம் முடித்துவிட்டு, பெலிசியா பேனாவோடு உட்கார்ந்தாள். முதல் தடவை பார்த்தபோது எழுத ஒன்றுமே இல்லை. இரண்டாம் தடவை, வேறு எதையும் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். இப்போது தெரிந்தது.

3.10 - வாய் திறந்தார். நான் தண்ணியான்னு கேட்டேன்.

5.42 - ஏதோ சொல்ல வந்தார். நான் சட்னி ஊத்திட்டேன்.

8.05 - ஜெகன் அவரைத்தான் நலம் விசாரிச்சான். நான் பதில் சொல்லிட்டேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். மனிதர் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் செய்ததுதான். ஆனால் அவர் வாய் திறந்த இடத்திலெல்லாம் தன் குரல்தான் முந்திக்கொண்டு நிற்கிறது.

மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஜெபமாலை வீடியோவைப் போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம். 'அருள் நிறைந்த மரியே' என்று முன்பாதியை அவள் சொல்வாள். 'புனித மரியே' என்று பின்பாதியை அவர் சொல்வார். பேச்சு போனபிறகு, மாதா முன்னால் ஜெபம் பாதியில் நிற்கக்கூடாதே என்று இரண்டையும் அவளே சொல்லிவந்தாள்.

வீடியோவில் ஜெபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் அவள் முன்பாதியை முடிக்கும்போது, லூர்துநாதன் மூச்சை இழுக்கிறார். உதடுகளைச் சேர்க்கிறார். அதற்குள் அவளே அடுத்ததைத் தொடங்கிவிடுகிறாள். அவர் உதடுகள் பிரிந்து தொங்குகின்றன. அடுத்த மணிக்கு மறுபடியும் மூச்சை இழுக்கிறார்.

எத்தனை நிமிடத்தை எழுதுவது? 'எல்லா மணியிலும்' என்று ஒரே வரியில் எழுதினாள். எழுத்து கண்ணீரில் கலங்கியது.

அன்று சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்றி, முன்பாதியைச் சொன்னாள். நிறுத்தினாள்.

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. லூர்துநாதன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றி வேர்த்தது. தொடங்கிக் கொடுத்துவிடலாமா என்று அவள் நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

"பு... பு..."

அவள் அசையவில்லை.

"பு... ம... மரியே."

அதற்குமேல் வரவில்லை. பெலிசியா அடுத்த மணியை விரலில் எடுத்தாள். அதற்கும் அந்த ஒரு சொல்லே வந்தது. அன்றைய ஜெபமாலை முடிவதற்குள் அடுப்பில் இருந்த சோறு குழைந்து கூழாகிவிட்டது. அதையே இருவரும் சாப்பிட்டார்கள்.

அந்த வாரம் சிதம்பரத்தில் எழிலரசி தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசி வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?"

"ஒரு வார்த்த வந்துச்சு மேடம்."

"ஐயோ, அந்த வீடியோவக் காட்டுங்க!"

"போன அமுக்கவே மறந்துட்டேன் மேடம்."

எழிலரசி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு லூர்துநாதன் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"சரி, நீங்களே சொல்லுங்கய்யா. என்ன வார்த்த அது?"

பெலிசியா வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் லூர்துநாதன் மூச்சை இழுப்பது கேட்டது.