ஒன்று தட்டினால் இல்லை

"உனக்கு வாய் இருக்கா, இல்ல வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா?"

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் என்னைக் கேட்ட கேள்வி இது. எழுந்து நின்றேன். விடை எனக்குத் தெரியும். பதினேழு. நெஞ்சு வரை வந்துவிட்டது, அதற்கு மேல் ஏறவில்லை. வகுப்பே சிரித்தது. அடுத்த வாரத்திலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் இங்கே சொல்லப்போகிற நாளில் வாயைத் திறந்தேன். நம்ப வேண்டியவர்கள் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள். இதில் ஒரு வரிகூட நானாகச் சேர்த்தது இல்லை. நேரங்கள் எல்லாம் அப்போதைக்கப்போது வேலைத் தாளில் என் கையால் குறித்தவை. பேய்க்கு இருட்டு வேண்டும், நடுச்சாமம் வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

என் அண்ணன் வயர்மேன். எங்கள் ஊர் சமுதாயக் கல்லூரிக்கு மூன்று வளாகங்கள். படிப்பைப் பாதியில் விட்டவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள், யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று நடத்துகிற கல்லூரி. அந்த வருடம் மூன்றையும் ஒரே நேரத்தில் புதுப்பித்தார்கள். பெரிய வளாகத்தில் லிஃப்ட், கண்ணாடிச் சுவர் வைத்த லேப். இரண்டாவதில் கரும்பலகைகளைக் கழற்றிவிட்டு ஆள் உயரத் தொடுதிரைகள். மூன்றாவதுதான் பழசு. அதில் பாதிக் கட்டடத்தை இடித்துவிட்டு, மீதிப் பாதியை வைத்துக்கொள்வது என்று முடிவு. இடிக்கிற பக்கத்துக்கு வெளியே பச்சை வலை போர்த்தியிருந்தார்கள். மீதிப் பாதி எங்கள் வேலை.

அதில் ஒரு சிக்கல். எல்லா அறைகளிலிருந்தும் வரும் பழைய கம்ப்யூட்டர் வயர்கள் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறைக்குள் வந்து இறங்கும். இருநூறுக்கு மேல். சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி தொங்கும். எது எந்த அறையின் வயர் என்று யாருக்கும் தெரியாது. கண்டுபிடிக்க ஒரே வழிதான். அண்ணன் மேலே அறை அறையாகப் போய், சுவரில் இருக்கிற சாக்கெட்டில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டுவான். அது அந்த வயருக்குள் ஒரு சத்தத்தை அனுப்பும். நான் கீழே உட்கார்ந்து, பேனா மாதிரி ஒரு கருவியால் ஒவ்வொரு வயராகத் தொட்டுக்கொண்டே வருவேன். சரியான வயரைத் தொட்டதும் பேனா அழும். வீ…வ். வீ…வ். உடனே அதில் அறை எண்ணை எழுதிச் சீட்டு கட்டிவிடுவேன். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். வாய்க்கு வேலை இல்லை. அதனால்தான் அண்ணன் என்னைக் கூட்டிப்போனான்.

கல்லூரியில் ஆளுக்கொரு புது வாக்கிடாக்கி கொடுத்தார்கள். அதைப் பார்த்ததும் என் முகம் போன போக்கை அண்ணன் கவனித்துவிட்டான்.

"ஏய் எலி, நீ பேச வேணாம். பட்டனை மட்டும் தட்டு. ஒண்ணு தட்டினா இல்ல. ரெண்டு தட்டினா ஆமா. போதும்ல?"

வயர் கிடைத்தால் இரண்டு தட்டுவேன். அவன் அடுத்த அறைக்குப் போவான். எட்டு நாள் இப்படியே ஓடியது. நான் யாருக்கும் பாரமாக இல்லாத எட்டு நாட்கள். வீட்டில் அம்மா மட்டும் முணுமுணுத்தாள்.

"அவன் ஒரு மரங்கொத்தி, இவ ஒரு மரங்கொத்தி. தட்டிக்கிட்டே இருந்தா இவ என்னைக்குடா பேசுவா?"

சனிக்கிழமை சாயங்காலம் சைட் இன்ஜினியர் மேடம் வந்தார். திங்கட்கிழமை காலையில் புது மெஷின்கள் வருகின்றன, அதற்குள் இரண்டாவது மாடி முடிய வேண்டும் என்றார். அறைப் பட்டியலை என் கையில் கொடுத்தார்.

"210 வரைக்கும்தான். அதுக்கு அந்தப் பக்கம் தரையையே எடுத்தாச்சு."

தலையை ஆட்டினேன். அண்ணன் அப்போது வெளியே ஏணியை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தான். நான் அவனிடம் சொல்லவில்லை. நடைபாதையின் கடைசியில் பலகை வைத்து ஆணி அடித்து மறித்திருந்தார்கள். அதைத் தாண்டி யார் போகப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. வாட்ச்மேன் எங்களை உள்ளே விட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டு தன் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். கட்டடத்துக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். என் அறைக்கு ஜன்னல் இல்லை. இரும்புக் கதவு. உள்ளே போனால் செல்போனில் சிக்னல் வராது. ஒரு டியூப் லைட், ஒரு ஸ்டூல், வயர்கள்.

2:50-க்கு ஆரம்பித்தோம்.

3:14. வாக்கிடாக்கியில் "203" என்றான் அண்ணன். நான் தேடிக்கொண்டிருந்தேன். வயர் இன்னும் கிடைக்கவில்லை. அதற்குள் "204" என்றான்.

ஒன்று தட்டினேன். இல்லை.

"என்ன இல்ல? இப்பத்தானே ரெண்டு தட்டினே?"

மறுபடி ஒன்று தட்டினேன்.

"சரி, திரும்பிப் போறேன். சாப்பிட்டதும் உன் கை தூங்குது, நான்தான் நடக்கிறேன்."

நான் இரண்டு தட்டவில்லை. தாளில் '203, இரண்டு முறை' என்று மட்டும் குறித்தேன்.

3:31. அறை 206. வாக்கிடாக்கி ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தது. என் இரண்டு கையும் வயர்களுக்குள். அப்போது கேட்டது.

டக் டக்.

குனிந்து பார்த்தேன். அதன் தலையில் பச்சை விளக்கு அணைந்துகொண்டிருந்தது. நாம் பட்டனை அழுத்தினால் சிவப்பு எரியும். வேறு யாராவது அழுத்தினால் பச்சை. வாட்ச்மேனிடம் வாக்கிடாக்கி கிடையாது. அண்ணன்தான் விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். மனசை அப்படித்தான் சமாளித்தேன்.

3:48. "208 முடிஞ்சுது. தண்ணி குடிச்சிட்டு வரேன். பெட்டியை அணைச்சிட்டேன்" என்றான்.

நான் பேனாவை மடியில் வைத்தேன்.

அது அழுதது.

வீ…வ். வீ…வ்.

பெட்டி அணைந்திருக்கிறது. எந்த வயரிலும் சத்தம் வரக் கூடாது. பேனாவை நீட்டினேன். கற்றைக்குப் பின்பக்கம் போகப் போகச் சத்தம் கூடியது. ஒரு சாம்பல் நிற வயர். சீட்டு இல்லை. எங்கே போகிறது என்று பார்க்க மெதுவாக இழுத்தேன்.

கையோடு வந்துவிட்டது.

ஒரு சாண் நீளம்தான். இரண்டு முனையும் வெட்டியிருந்தது. எதோடும் சேராத துண்டு வயர்… என் உள்ளங்கையில் கிடந்தது. பேனா அதன் மேல் அழுதுகொண்டே இருந்தது.

உதறினேன். தரையில் விழுந்ததும் சத்தம் நின்றது.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடினால் அண்ணன் என்ன ஏது என்று கேட்பான். பயந்துவிட்டேன் என்று தெரிந்தால் நாளையிலிருந்து வீட்டிலேயே இரு என்பான். இன்னும் இரண்டே அறைதான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

4:05. அறை 209. கிடைத்தது.

4:16. அறை 210. கிடைத்தது. இரண்டு தட்டினேன். சீட்டு கட்டினேன். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"எலி, இதோட முடிஞ்சுதா? கீழ வரட்டுமா?"

இரண்டு தட்டுவதற்காக விரலைப் பட்டன் மேல் வைத்தேன். அழுத்தவில்லை. அதற்குள்…

டக்.

ஒன்று. பச்சை விளக்கு.

"இல்லையா? இன்னும் ரூம் இருக்கா?"

டக் டக்.

"எங்க? பலகைக்கு அந்தப் பக்கமா?"

டக் டக்.

"அட, பலகையை யாரோ கழட்டிச் சாய்ச்சு வெச்சிருக்காங்க. ஆணி புடுங்கற வேலை மிச்சம்."

பட்டனை அழுத்தினேன். ஒன்று. இல்லை. போகாதே.

நான் விரலை எடுத்த அதே நொடியில், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று.

டக்… டக்.

ஆமா.

திரும்பவும் ஒன்று தட்டினேன். திரும்பவும் பின்னாலேயே வந்தது. என் 'இல்லை' அண்ணன் காதில் 'ஆமா'வாகப் போய்க்கொண்டிருந்தது.

"சரிடி, போறேன். உசுரை வாங்காத."

அழுத்தினேன். வாயைத் திறந்தேன்.

காற்றுதான் வந்தது.

மறுபடி.

"அண்ணா… நில்லு… போகாத… அங்க தரை இல்ல."

என் குரல் அந்த இரும்புக் கதவில் மோதித் திரும்பியது. வீட்டில் நான் பேசுவது முனகல்தான். கத்தினால் என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

விரலை எடுத்தேன்.

"யாரு அது லைன்ல?… எலி, நீயா பேசுறே?"

டக்.

ஒன்று.

"அதானே. நீ எங்க பேசப்போறே."

சிரித்தான்.

ஓடினேன்.

நாற்பத்தாறு படி. வாக்கிடாக்கி கையிலேயே இருந்தது. வாயில் 'தரை இல்ல, தரை இல்ல' என்று வந்துகொண்டிருந்ததா, நினைப்பு மட்டும்தானா, தெரியவில்லை.

நடைபாதை. திறந்து கிடந்த பலகை. அதற்கு அப்பால் நீலத் தார்ப்பாய்.

தார்ப்பாயில் அண்ணனின் நிழல்.

விலக்கிக்கொண்டு போய் அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் அசையாமல் நின்றிருந்தான். அவன் காலுக்கு முன்னால் ஒரு அடி தரை. பிறகு நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள். பிறகு ஒன்றும் இல்லை. கீழே, வெகு கீழே, இடித்த கல் குவியல்.

4:22.

"யாரோ ஒரு பொம்பளை குரல்… தரை இல்லன்னுச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு தார்ப்பாயை விலக்கறதுக்கு முன்னாடி அதுக்கு அடியில ஒரு கல்லை எறிஞ்சு பார்த்தேன்" என்றான். "சத்தம் வரவே இல்ல எலி. ரொம்ப நேரம் கழிச்சு வந்துச்சு."

என் முகத்தைப் பார்த்தான்.

"பேசினது நீயா?"

தலையை ஆட்டினேன்.

"அப்போ தட்டினது?"

இல்லை என்று ஆட்டினேன்.

என் தலையில் கை வைத்தான். படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனான்.

அன்றைக்கு வீட்டுக்குள் நுழையும்போதே, "அம்மா, உன் பொண்ணு பேசிட்டா. கத்திப் பேசி என்னைக் காப்பாத்திட்டா" என்றான். அம்மா கரண்டியோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மூன்று நாள் அந்த வீட்டில் நான் மகாராணி. சாப்பிடும்போது நானே வாய் திறந்து உப்பு கேட்டேன். அம்மா அதை இரண்டு முறை கேட்க வைத்தாள், காது குளிரட்டும் என்று. தட்டினது யார் என்று அண்ணன் வாட்ச்மேனைக் கேட்டான், இடிக்கிற ஆட்களைக் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. "எது வேணா இருக்கட்டும், நீ கூப்பிட்டே, நான் நின்னேன்" என்று விட்டுவிட்டான்.

புதன்கிழமை காலை 11:30. இன்ஜினியர் மேடம் எங்கள் இருவரையும் பெரிய வளாகத்துக்கு வரச் சொன்னார். பலகையைக் கழற்றியது யார் என்று விசாரணை. புதிதாகக் கட்டிய கன்ட்ரோல் ரூமில் உட்கார வைத்தார். சுவர் முழுக்கத் திரைகள். மூன்று வளாகத்திலும் வாக்கிடாக்கியில் பேசுவது எல்லாம் அங்கே பதிவாகிறதாம். அந்த மாதம்தான் பொருத்தியிருந்தார்கள். எங்களுக்கு அது தெரியாது.

"ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு நம்பர் இருக்கு. யாரு எப்ப பட்டனை அழுத்தினாலும் இதுல விழும்" என்றார். "நீங்க ஆறு. உங்க தங்கச்சி ஒன்பது."

திரையில் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. ஒவ்வொரு தட்டலும் ஒரு வரி. 3:15, இரண்டு தட்டல், ஒன்பது. 3:31, இரண்டு தட்டல், ஒன்பது. 4:17… 4:18… 4:19… வரிசையாக ஒன்பது. ஒன்பது. ஒன்பது.

"தட்டினது அத்தனையும் தங்கச்சி செட்டுதான்."

"நான் தட்டல" என்றேன். குரல் வந்தது.

அண்ணன் என்னைப் பார்க்காமல் கேட்டான். "பேசினது, மேடம்?"

"அதைக் கேட்கத்தான் வரச் சொன்னேன்."

ஓடவிட்டார்.

அண்ணா… நில்லு… போகாத… அங்க தரை இல்ல.

என் சொற்கள். நான் நிறுத்திய இடங்களில் நிறுத்தி. அந்த வரியில் எண் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"நம்பர் இல்லாம இதுல யாராலயும் பேச முடியாது. கம்பெனி ஆளுங்களையும் கேட்டுட்டேன். அன்னைக்கு ஒன்பதுலேருந்து ஒரு வார்த்தைகூடப் போகல. இது யாரு?"

"நான்தான்."

மேடம் மறுபடி ஓடவிட்டார். 'நான்தான்' என்ற என் குரல் அறையில் இன்னும் அடங்கவில்லை. உடனே அந்தக் குரல். என் குரலை நான் வெளியே நின்று கேட்டதில்லை. ஒன்றுதானா, வேறா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரியும். அவன் கண்ணை மூடிக் கேட்டான். இன்னொரு முறை போடச் சொன்னான். இன்னொரு முறையும் கேட்டான். "இது அவ குரல் இல்ல" என்றான்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "210-க்கு அப்புறம் தரை இல்லன்னு உன்கிட்டதான் சொன்னேன். அண்ணன்கிட்ட சொன்னியாம்மா?"

அண்ணன் கண்ணைத் திறந்தான்.

நான் தலையை ஆட்டினேன். இல்லை.

அவன் எழுந்தான். இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியைக் கழற்றி மேஜையில் வைத்தான். டூல்ஸ் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "அண்ணா" என்று கூப்பிட்டேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நன்றாகத்தான் கூப்பிட்டேன்.

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. வெளியே போனான்.