இடது காலை மட்டும் பார்த்த சென்சார்

மோட்டார் வைத்த சைக்கிளை வாடிக்கையாளர் தள்ளிக்கொண்டே கடைக்கு வருவதைவிட மெக்கானிக்குக்குப் பெரிய அவமானம் கிடையாது. சோழபுரத்திலிருந்து ராஜபாளையம் வரை மாரியம்மாள் பாதி தூரம் அப்படித்தான் வந்தார். அது முந்தின நாள் நான் சரிசெய்து கொடுத்த சைக்கிள்.

"முன்னெல்லாம் குதிச்சுச்சு அண்ணாச்சி. இப்ப ஓடைப் பாலத்து ஏத்தத்துல தூங்குது."

மாரியம்மாள் இங்கே பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். விபத்தில் முறிந்த இடது காலில் பிளேட் வைத்திருந்தது. தினமும் அவருடைய அண்ணன்தான் பைக்கில் கொண்டுவந்து விடுவார்.

"திங்கக்கெழம அவன் திருப்பூருக்குப் போறான். பொறவு யாரு என்னையக் கொண்டாந்து விடுவா? இது ஓடலன்னா வேலைய விட வேண்டியதுதான்."

அன்று சனிக்கிழமை.

சைக்கிளில் முதலில் இருந்தது பாஸ் சென்சார். பெடல் பக்கத்தில் காந்தத் தட்டு ஒன்று சுற்றும். பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அரைச் சுற்று கழித்து விழித்துக்கொண்டு முழு வேகத்தையும் ஒரேயடியாகக் கொடுக்கும். ஓட்டிப் பழகும்போது ஒருநாள் திருப்பத்தில் அவர் விழப் பார்த்தார். அதனால்தான் மிதிக்கும் விசையை அளக்கிற டார்க் சென்சார் போட்டேன். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோமோ அவ்வளவுக்கு மோட்டார் துணை வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டிப்போய், ஆடிக் காற்று எதிரே அடிக்கத் திரும்பினேன். காற்றே தெரியவில்லை. "ஒங்க காலு நெனைக்கிறத மோட்டாரு செய்யும்" என்று பெருமையடித்துத்தான் கொடுத்தேன்.

இப்போது மறுபடியும் தெருவில் ஒரு சுற்று ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. ஸ்பின்னிங் மில்லில் இருபத்திரண்டு வருஷம் மோட்டார் பார்த்த திமிர் எனக்கு. "வண்டி நல்லாத்தான இருக்கு. நீங்க மிதிக்கிறதுதான் பத்தல" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "ஒங்களுக்கு ரெண்டு காலும் நல்லா இருக்குல்லா அண்ணாச்சி" என்றார்.

சுருக்கென்றது. அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் ஓடிக்கொண்டே பார்த்தேன். வலது கால்தான் மிதிக்கிறது. இடது கால் பெடல்மேல் சும்மா போய்வருகிறது. சந்தேகம் வந்து சென்சாரோடு வந்த தாளை எடுத்துப் படித்தேன். போடும் முன்பே படித்திருக்க வேண்டும். அந்த மாடல் இடது பெடலின் அழுத்தத்தை மட்டும்தான் அளக்கும். வலது காலும் அதே அளவுதான் மிதிக்கும் என்று அதுவாக நினைத்துக்கொள்ளும். உழைக்கிற காலை அது கண்டுகொள்ளவே இல்லை. நானும்தான்.

இரண்டு பக்கமும் அளக்கிற சென்சார் வந்துசேர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் இவருடைய வேலை போய்விடும். இருக்கிற சாமானை வைத்தே முடிப்பது என்று உட்கார்ந்தேன். பழைய வகைச் சென்சாரையே திரும்பப் போட்டேன். ஆனால் தட்டில் ஐந்து காந்தத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு. பெடல் கொஞ்சம் அசைந்ததுமே மோட்டாருக்குத் தெரிந்துவிடும். மோட்டாரை ஆட்டிவைக்கிற கன்ட்ரோலரில் ஸ்லோ ஸ்டார்ட் வைத்தேன், குதிக்காமல் மெல்ல ஏறட்டும் என்று. பிரேக்கைத் தொட்டதும் மோட்டார் நிற்க இரண்டு கைப்பிடியிலும் கட்-ஆஃப் சுவிட்ச் மாட்டினேன்.

பிறகு சோழபுரத்து ஓடைப் பாலத்துக்கே கொண்டுபோனேன். இடது காலைப் பெடலில் சும்மா வைத்து, வலது காலால் மட்டும் மிதித்தேன். முதல் தடவை வண்டி பாதி ஏற்றத்தில் நின்றது. இரண்டாவது தடவை உலுக்கியது. கன்ட்ரோலரில் செட்டிங்கை மாற்றி மாற்றி ஏழாவது தடவை ஏறினேன். தொடை கடுத்தது. இந்தத் தொடையோடு இனி தினமும் வந்துபோக வேண்டியவரிடம்தான் மிதிக்கிறது பத்தவில்லை என்று சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவரை அதே பாலத்தில் ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லி, அவர் போதும் என்ற பிறகுதான் விட்டேன்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தச் சென்சார் ஒசத்தி என்று கேட்காதீர்கள். ஓட்டப்போகிறவருக்கு எந்தக் கால் வலிக்கிறது என்று முதலில் கேளுங்கள். டெஸ்ட் ரைடுக்கு அந்தக் காலோடு போங்கள்.

திங்கட்கிழமை காலை கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாரியம்மாள் வந்தார். நிற்கவில்லை.

"நேரமாச்சு அண்ணாச்சி, போறேன்" என்று சொல்லிக்கொண்டே மிதித்துப் போய்விட்டார்.