கூண்டை நகர்த்திய ஞாயிற்றுக்கிழமை

வெல்டர் தம்பிதான் அந்த நாய்க்குச் சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தான். வருகிறவன் போகிறவனை எல்லாம் ஏற இறங்கப் பார்த்து உறுமுகிற ஒரு சூப்பர்வைசர் அவனுடைய பட்டறையில் இருந்தார். அவர் ஞாபகமாக வைத்த பெயர். ஆனால் பட்டறைக்காரரைப் போல வெட்டியாக உறுமுகிற ஜாதி இல்லை இது. கொல்லைப்புறத்துக் கோழிக் கூண்டுக்கு முன்னால் இது காலை நீட்டிப் படுத்தால், கீரியும் பூனையும் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காது. குஞ்சுகள் அதன் முதுகில் ஏறி நின்று வேடிக்கை பார்க்கும். அது மூக்கைக்கூட அசைக்காது.

அதெல்லாம் பழைய கதை. இப்போது சூப்பர்வைசருக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. காது சுத்தமாகக் கேட்காது. பின்னங்கால் இரண்டும் பேருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருந்தன. குரைத்துப் பல மாதம் ஆகிவிட்டது. கோழிகளுக்கு நன்றி விசுவாசம் எல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. முடி கொட்டிய இடத்தில் தோல் சிவந்தால் போதும், வரிசையில் வந்து கொத்தின. அதிலும் மாமியார் என்று தம்பி பெயர் வைத்திருந்த செம்பட்டைக் கோழி, இடுப்புப் புண்ணைக் குறி வைத்தே வரும். அதனால் அக்கா வீட்டில் இருக்கும்போது மட்டும்தான் கோழிகளுக்கு விடுதலை. அவள் வேலைக்குப் போனால் கோழிகள் கூண்டுக்குள், நாய் கொல்லையில்.

அக்கா முதியோர் வார்டில் ஆயா. வார்டிலும் தெருவிலும் எல்லோருக்கும் பெரியக்கா. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டிப் போடுவது, முதுகு துடைத்துப் பவுடர் போடுவது, வாயில் கஞ்சி ஊட்டுவது எல்லாம் அவள் பாடு. வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அதே வேலை, நாய்க்கு. இந்தப் பக்கம் படுத்திருந்தால் அந்தப் பக்கம் திருப்பிப் போடுவாள். பல் கொட்டிப்போன வாய்க்கு, அவித்த முட்டையைச் சோற்றோடு பிசைந்து வைப்பாள்.

"கோழி வளர்க்கறது நானு, முட்டை மொத்தமும் சூப்பர்வைசருக்கு. நல்ல நியாயம்," என்பான் தம்பி.

"நீ திங்கற முட்டைக்குக் கணக்கு இருக்காடா?" என்பாள் அவள்.

இரண்டு பேரும் தனிக்கட்டைகள். அவளுக்குக் கல்யாணம் நடந்து பாதியிலேயே முடிந்தது, அவனுக்கு நடக்கவே இல்லை. வாய்ச்சண்டைதான் அந்த வீட்டின் வானொலி.

கால்நடை டாக்டர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். "கஷ்டப்படுதும்மா. ஒரு ஊசி போட்டா நிம்மதியாப் போயிடும். நீங்களே மடியில வெச்சுக்கலாம்."

"தட்டுல வைக்கறதைச் சாப்பிடுதுங்களே டாக்டர்," என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தாள். "மாசக் கடைசியில லீவு கேட்டிருக்கேன். ஒரு வாரம் கூடவே இருந்துட்டு நானே தூக்கிட்டு வரேன்."

அந்த ஒரு வாரம் வேண்டும் என்பதில் அவளுக்குப் பிடிவாதம். வார்டில் எத்தனையோ பேர் யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போயிருக்கிறார்கள். அவள் டீ குடிக்கப் போன இடைவெளியில் போனவர்கள் உண்டு. அடுத்த கட்டிலுக்குத் துணி மாற்றிவிட்டுத் திரும்புவதற்குள் போனவர்களும் உண்டு. அவளால் அதைத் தாங்க முடிந்ததே இல்லை. இதற்காவது அப்படி நடக்கக் கூடாது. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது, கேட்காது என்று தெரிந்தும், அதன் காதருகே குனிந்து, "நான் வர்ற வரைக்கும் இரு," என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள்.

இதற்கு நடுவில் கீரிக்குக் குளிர்விட்டுப் போயிற்று. காவல்காரன் ஓய்வு பெற்றுவிட்ட சேதி அதற்கு எப்படியோ எட்டிவிட்டது. கூண்டுக்கு அடியில் மண்ணைத் தோண்டி உள்ளே புகுந்து, ஒரு கோழியைக் கழுத்தோடு கடித்துப் போட்டது. சில நாள் கழித்து இன்னொன்று. சூப்பர்வைசர் நாலடி தள்ளிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தம்பிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு வாட்டி குரைச்சிருக்கலாம்ல? ஒரே ஒரு வாட்டி. தின்னுட்டுத் தூங்கறதுக்கு எதுக்கு நாய்?"

"உனக்கும் வயசாகும்டா," என்றாள் அக்கா. அவன் கீரி தோண்டிய குழியை மூடப் போய்விட்டான். கோபம் நாய் மேல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவன் கையால் பொரிக்க வைத்து வளர்த்த கோழிகள் அவை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். கூண்டு இருந்தது வலப்பக்கச் சுவரோரம், வெறும் மண் தரையில். எதிர்ச்சுவர்ப் பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சிமென்ட் தரை இருந்தது. அங்கே கொண்டு போய் வைத்துவிட்டால் கீரி தலைகீழாக நின்றாலும் தோண்ட முடியாது. அவன் ஒரு முனையைப் பிடித்தான், அவள் மறுமுனையைப் பிடித்தாள். ஆள் தூக்கிப் பழகிய கை, அவளுக்கு அது ஒரு பாரமாகவே தெரியவில்லை. கோழிகள் உள்ளே கூச்சல் போட்டன. "மாமியார் வீடு மாறுது, வழி விடுங்க," என்று தம்பி சொல்ல, அவள் சிரித்தாள்.

கூண்டு இருந்த இடத்துக்குப் பின்னால், சுவரை ஒட்டி, குளிக்கிற தண்ணீரும் துவைக்கிற தண்ணீரும் வந்து சேருகிற தொட்டி இருந்தது. தரையோடு தரையாக வெட்டிக் கட்டியது. செடிகளுக்கு அதிலிருந்துதான் மொண்டு ஊற்றுவார்கள். இத்தனை நாள் கூண்டே அதற்கு மறைப்பாக இருந்ததால் மூடி போட யாருக்கும் தோன்றவில்லை.

"நாளைக்குப் பட்டறையிலேருந்து தகடு வெட்டிட்டு வந்து மூடிடறேன்," என்றான்.

"அது அந்தப் பக்கமே போகாது," என்றாள் அவள். உண்மைதான். அது ஒரு நாளும் அங்கே போனதில்லை.

ஏன் போனதில்லை என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. சமையலறை வாசலிலிருந்து, தான் படுக்கிற மரத்தடிக்கு அது மூக்கால் மோப்பம் பிடித்துப் போகிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். அது வலது விலாவைக் கூண்டின் கம்பி வலையில் உரசிக்கொண்டே, பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. வலை எங்கே முடிகிறதோ அங்கே மரம். குருட்டு நாய்க்கு அந்த வலைதான் வழி.

திங்கட்கிழமை சாயங்காலம் அக்கா வந்து கொல்லைக் கதவைத் திறந்தபோது கூண்டுக்குள் கோழிகள் சாவகாசமாகக் கொக்கரித்துக்கொண்டிருந்தன. சோற்றுத் தட்டு காலியாக இருந்தது. மரத்தடியில் நாய் இல்லை. அவள் மண் தரையைப் பார்த்தாள். வாசற்படியிலிருந்து புறப்பட்ட கால் தடம் கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு வலப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போயிருந்தது. இல்லாத வலையைத் தேடிப் போன தடம். அது தொட்டி விளிம்பில் முடிந்தது.

தண்ணீரில் முதுகு மட்டும் தெரிந்தது.

புடவையோடு இறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்தது. உள்சுவரில் படிந்திருந்த பாசி, சுற்றிலும் நகம் பட்டுக் கோடு கோடாகப் பெயர்ந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் இல்லை, நாலு பக்கமும். அவள் அதைத் தூக்கித் துவைக்கிற கல்மேல் கிடத்தினாள். வார்டில் கண் தெரியாதவர்களின் தலைமாட்டில் இருக்கிற ஸ்டூலைத் துப்புரவுக்காரர்கள் ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டால் வார்டே அதிரக் கத்துகிறவள் அவள். கண் தெரியாதவங்க சாமானை நகர்த்தக் கூடாதுன்னு தெரியாதா என்று போன வாரம்கூட ஒருத்தியை அழ வைத்திருந்தாள். அந்த வாயை இப்போது எங்கே கொண்டு போய் வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. துண்டை எடுத்து முதலில் அதன் முகத்தைத் துடைத்தாள், பிறகு காது, பிறகு நெஞ்சு. எல்லோருக்கும் துடைப்பது போலத்தான்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் டியூஷன் அம்மா துணி எடுக்க வந்திருந்தாள். கொடிக்கு அந்தப் பக்கமிருந்து தலை மட்டும் தெரிந்தது.

"வந்துட்டீங்களா பெரியக்கா? இன்னைக்கு உங்க சூப்பர்வைசர் என்னமா குரைச்சுது. காலையில ஆரம்பிச்சது, மத்தியானம் வரைக்கும் விடவே இல்ல. கீரியை விரட்டுதுன்னு நெனச்சேன். உங்க தம்பி கேட்டா சந்தோஷப்படுவார்."

அக்கா துடைத்துக்கொண்டே இருந்தாள். டியூஷன் அம்மா துணியை விலக்கி எட்டிப் பார்த்தாள். பார்த்த பிறகு கையிலிருந்த துணி நழுவி விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"பெரியக்கா, நான், எனக்கு..."

அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது அக்காவுக்கு. பக்கத்து வீட்டில் ஒரு ஜீவன் அரைநாள் கதறியிருக்கிறது, ஒரு தடவை எட்டிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்டால் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியதும் வரிசையில் நின்றது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்," என்றாள் கடைசியில். "ஒரு உதவி பண்ணுங்க. குரைச்சதைத் தம்பிகிட்ட சொல்லிடாதீங்க. எப்பவும்."

டியூஷன் அம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

தம்பியின் வண்டி வந்து நின்றது. கையில் தகட்டோடு வந்தான். தொட்டிக்குச் சரியாக அளவெடுத்து வெட்டி, கை கிழிக்காமல் இருக்க ஓரத்தை மடித்துத் தட்டியிருந்தான். கல்மேல் கிடந்ததைப் பார்த்தான். தகட்டைச் சத்தம் வராமல் சுவரில் சாய்த்து வைத்தான். அக்காவின் ஈரப் புடவையையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். கேட்க வேண்டியது எதுவும் பாக்கியில்லை, ஒன்றைத் தவிர.

"கத்திச்சாக்கா?"

தாமதமாக வந்து சேருகிற பிள்ளைகள் வார்டில் கேட்கிற கேள்வி அது. அதற்கு எத்தனையோ பேருக்கு அவள் பதில் சொல்லியிருக்கிறாள். குரல் எப்படி இருக்க வேண்டும், கண்ணை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"இல்லடா. விழுந்த உடனே மூச்சு நின்னிருக்கும். கஷ்டப்படல."

அவன் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். விலாவில் ஒட்டியிருந்த பாசியை விரலால் எடுத்தான். நெடுநேரம் அதையே செய்துகொண்டிருந்தான்.

"அதானே," என்றான். "கத்தியிருந்தா டியூஷன் அம்மாவுக்குக் கேட்டிருக்கும். ஓடி வந்து தூக்கியிருப்பாங்க."

"ஆமா," என்றாள் அக்கா. "தூக்கியிருப்பாங்க."