கேசட்டில் பேசியது என் மகன் இல்லை

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது முத்துப்பேட்டையில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் வளைகுடா நாடுகளில் இருந்தார்கள். எங்கள் வீட்டில் போன் கிடையாது. கடிதம் எழுதச் சோம்பல்படுகிறவர்கள் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். என் கணவரும் அப்படித்தான். டேப்ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து, நடுவில் அவர் இருமுவதைக்கூட ரசித்துக் கேட்போம்.

மகனுக்கு ஒன்றரை வயதானபோது வந்த கேசட்டில் அவர் குரலே சரியில்லை. இங்கிலீஷ் தெரியாததால், அவர் வேலை பார்த்த கடையில் அவருக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் வேலை வேறொருவருக்குப் போய்விட்டதாம். "நான் பட்டது போதும். புள்ளைக்கிட்ட இன்னையிலேர்ந்து இங்கிலீஷ்லயே பேசு" என்று சொல்லியிருந்தார்.

நான் பத்தாவது படித்தவள். கம், ஈட், ஸ்லீப், டோன்ட் டச். என் இங்கிலீஷ் அவ்வளவுதான். ஆனாலும் ரோஷக்காரி. தமிழ் காதில் விழக் கூடாதென்று பிள்ளையைத் தெருவுக்கே விடவில்லை. நாத்தனார் அவனைக் கொஞ்ச வந்தால்கூட வாயில் விரலை வைத்துக் காட்டுவேன். "வெள்ளைக்காரன் வூட்டுக்குல்ல வந்துட்டோம், வாயைத் தொறக்கக் கூடாது" என்று கேலி செய்தவள், வருவதையே குறைத்துக்கொண்டாள். மூச்சு விடாமல் பேசுகிற நானும் நாலு வார்த்தையோடு ஊமையாகிப்போனேன்.

மூன்று வயதை நெருங்கியும் பிள்ளை பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் முந்தானையைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்தைக் காட்டுவான். காது நன்றாகவே கேட்கிறது என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்து, மகன் பேசுவதைப் பதிந்து அனுப்பச் சொல்லி அடுத்த கேசட் வந்தது.

எனக்கு வந்ததே ஒரு புத்தி! பக்கத்து வீட்டு யு.கே.ஜி. பெண்ணுக்கு மிட்டாய் கொடுத்து, "குட் மார்னிங் அத்தா"வில் தொடங்கி ரைம்ஸ்வரை பேசவைத்துப் பதிந்து, மகன் குரல் என்று அனுப்பிவிட்டேன். ரூமில் இருந்த அத்தனை பேருக்கும் போட்டுக் காட்டியதாக அவர் பதில் கேசட்டில் சிரித்தபோது, எனக்குச் சோறு இறங்கவில்லை.

சில மாதம் கழித்து அவரே இரண்டு மாத லீவில் வந்துவிட்டார். பெட்டியைக்கூடத் திறக்காமல் மகனிடம், "வாட் இஸ் யுவர் நேம்?" என்றார். அவன் எனக்குப் பின்னால் ஒளிந்தான். மறுபடியும் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் என் பின்னால் நின்ற மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு அரபி யாரும் சொல்லித்தரல. கடைக்கு வர்றவங்க திட்டுனாங்க, சிரிச்சாங்க, ஊர்க்கதை பேசுனாங்க. கேட்டுக் கேட்டுத்தான் வந்துச்சு. அது தெரிஞ்சும் உன் வாயை அடைச்சுட்டேனே" என்றார்.

அந்த இரண்டு மாதமும் வீடு கலகலத்தது. மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு மீன் மார்க்கெட், படகுத்துறை என்று சுற்றுவார். கண்ணில் பட்டதையெல்லாம் அவனிடம் சொல்லிக்கொண்டே போவார். நாத்தனாரை நானே போய் அழைத்து வந்தேன். அடக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் நானும் அவனிடம் கொட்டினேன். ஒரு சொல், இரண்டு சொல் என்று பிள்ளைக்கு வாய் திறந்தது.

கிளம்பும் நாளன்று அவர் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மகன் அதன்மேல் ஏறி உட்கார்ந்து, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அத்தா, நீ போவாத. இங்கயே இரு" என்றான். அவன் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவர் போகத்தான் வேண்டியிருந்தது.

மகன் பிறகு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் கற்றுக்கொண்டான். இன்று வெளிநாட்டில் அந்த இங்கிலீஷில்தான் வேலை பார்க்கிறான். தினமும் போனில் என்னோடு மணிக்கணக்காகத் தமிழில் பேசுகிறான். ஆனால் அவனை நான் வாய்விட்டுக் கொஞ்சாமல் விட்ட அந்த ஒன்றரை வருஷத்தை, எவ்வளவு பேசியும் என்னால் ஈடுகட்ட முடியவில்லை.