மாரிமுத்து வீட்டுச் சளி டப்பா

ஊரார் சளியை டப்பாவில் வாங்கி, பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோவதுதான் காசநோய்க் களப்பணியாளனான என் பிழைப்பு. இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்குச் சொல்லவா வேண்டும், வாசலில் நம் வண்டி நின்றாலே கதவைச் சாத்துவார்கள்.

தூசி இருமல்

அருப்புக்கோட்டைத் தறிக்காரர்களிடம் இருமலைப் பற்றிப் பேசி ஜெயிக்க முடியாது. பாளையம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓட்டும் மாரிமுத்து மாதக்கணக்கில் வறட்டு இருமல் இருமினார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. வற்புறுத்தி ஒரு டப்பாவைக் கையில் திணித்தேன். அதை மனைவி சரோஜாவிடம் நீட்டிவிட்டுச் சிரித்தார்: "தறி ஓட்டுறவனுக்கு இருமல் வராம, பின்ன தாசில்தாருக்கா வரும்?"

தேறாத உடம்பு

மறுநாள் காலையில் சரோஜா டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். காசநோய் என்று முடிவு வந்தது. எக்ஸ்ரேயிலும் நிழல் தெரிந்ததால் டாக்டருக்குச் சந்தேகமே வரவில்லை. மாரிமுத்து ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை விழுங்கினார்.

இந்த மாத்திரைக்குச் சில வாரங்களிலேயே முகம் தெளியும். இவருக்கோ மூச்சிரைப்பு கூடிக்கொண்டே போனது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியோ என்று பயந்தேன். சரோஜாவையும் பரிசோதிக்கலாம் என்றால் அவர் பிடிகொடுக்கவில்லை. அவரும் பாதியாக இளைத்திருந்தார். பக்கத்து வீட்டு அக்கா எனக்கே விளக்கம் சொன்னார்: "புருசன் படுத்துட்டா பொண்டாட்டி எங்குட்டு சார் தேறுவா?"

கரண்டு இல்லாத நாள்

பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்திய ஒருநாள் போனேன். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. அந்த அமைதியில் அடுப்படியிலிருந்து இருமல் கேட்டது. வறட்டு இருமல் இல்லை, சளி கட்டிய இருமல். மாரிமுத்துவோ என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு டப்பாவுல யாரும்மா துப்புனது?" என்று கேட்டேன். சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "அவுகளுக்குச் சளியே வரல சார். ஒருத்தர் குடுத்த டப்பாவ வெறும் டப்பாவாத் திருப்பிக் குடுத்தா நல்லாவா இருக்கும்? அதான் நான் துப்பிக் குடுத்தேன்."

யாருக்கு எது

அன்றே இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காசநோய் சரோஜாவுக்கு. நல்லவேளை, மருந்துக்குக் கட்டுப்படும் வகை. மாரிமுத்துவை மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் பார்த்து, பஞ்சுத் தூசியால் நுரையீரல் தழும்பேறிவிட்டது, இனித் தறிப்பக்கமே போகக் கூடாது என்றார்கள். போன மூச்சு திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னார்கள்.

சரோஜா முதல் மாத்திரையை வாயில் போடுவதை மாரிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக் கேட்டார்: "அப்ப இம்புட்டு நாளும் இவ மாத்திரையத்தான் நான் முழுங்கிக்கிட்டு இருந்தேனா சார்?"

அன்றிலிருந்து டப்பா கொடுக்கும்போதெல்லாம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, சளி வராவிட்டால் வெறும் டப்பாவாகவே திருப்பிக் கொடுங்கள், உங்கள் மரியாதைக்கு ஒரு குறையும் வராது என்பதைத்தான்.