கேட்காமல் வந்த பயிற்சி

அழைப்பு வந்தபோது அவள் துருப்பிடித்த ஒரு குழாய்த் துண்டின் உட்புறத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு மின்னஞ்சலைத் திறந்தாள். வெளிநாட்டு ஆய்வு நிலையம் ஒன்று அவளைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருந்தது. கிருமிப் படலத்தை உயிரோடு வைத்தே சாயமேற்றி, லேசர் மைக்ரோஸ்கோப்பில் அடுக்கடுக்காகப் பார்க்கக் கற்றுத் தருவார்களாம். பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு.

வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். அவளுக்கோ முகம் சுருங்கியது. ஏனென்றால் அவள் விண்ணப்பிக்கவே இல்லை.

லேபில் அவளுக்கு 'சிஐடி' என்று பெயர். யாராவது ஒரு குப்பியை நகர்த்தி வைத்தால்கூட யார், எப்போது, எதற்கு என்று கேட்காமல் விடமாட்டாள். அந்தக் குணம் பிறவியில் வந்ததல்ல. ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில், இளம் ஆய்வாளர்களுக்கு இலவசப் பயிற்சி முகாம் என்று வந்த அழைப்பை நம்பி, பதிவுக் கட்டணம் கட்டி, பெட்டியோடு ரயிலேறிப் போனாள். சொன்ன முகவரியில் ஒரு டயர் குடோன்தான் இருந்தது. காவலாளி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்களுமா?" என்றார். அதற்கு முன்பே இன்னும் சிலர் வந்து திரும்பியிருந்தார்கள். அன்றிலிருந்து 'வாழ்த்துகள்' என்ற சொல்லைப் பார்த்தாலே அனுப்பியது யார் என்று தேடத் தொடங்கிவிடுவாள்.

அவள் முன்பு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். குடிநீர்க் குழாய்களுக்குள் வழுவழுவென்று படிந்து, மருந்து போட்டாலும் சாகாமல் கிடக்கும் கிருமிகளைப் பற்றியது அவள் ஆய்வு. கணவர் பிளம்பர். பழைய குழாயை மாற்றும் வீடுகளில் கேட்டு, வெட்டிய துண்டுகளைப் பையில் கட்டிக்கொண்டு வருவார். "எல்லா வீட்டுக்காரரும் பொண்டாட்டிக்கு ஐஸ்கிரீம் வாங்கிட்டு வருவாங்க, எனக்கு வாய்ச்சது துருப்புடிச்ச குழாய்" என்று அவள் சிரிப்பாள். அந்தத் துண்டுகளிலிருந்து அவள் பிரித்து வளர்த்த கிருமிகள் எல்லாம் லேபின் உறைபெட்டியில் ஒரு நீல டப்பாவில் இருந்தன.

முதல் வேலையாக, மின்னஞ்சலில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, அந்த நிலையத்தின் எண்ணைத் தானே தேடி எடுத்து அழைத்தாள். எடுத்த பெண் அலுப்பான குரலில் பெயரைச் சரிபார்த்து, ஆமாம், தேர்வானது உண்மைதான், உங்கள் லேபிலிருந்துதான் பரிந்துரை வந்தது என்றாள்.

ஏமாற்று வேலை இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் அவளுக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது. லேபிலிருந்து என்றால் யார்?

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். கணவர் கையைத் துடைத்தபடியே, "நல்லதுதானே? போயிட்டு வா. பாப்பாவ நானும் அம்மாவும் பாத்துக்கறோம்" என்றார்.

மாமியார் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "சும்மா எவனாவது கூட்டிட்டுப் போவானா? டிக்கெட்டும் போட்டு, சோறும் போட்டு, என்னத்துக்குக் கூப்பிடறான்னு கேட்டியா?"

"அதத்தான் அத்தை நானும் யோசிக்கறேன்."

"ரெண்டு பேருமா சேந்துட்டீங்களா? வெளங்கிடும்" என்று கணவர் உள்ளே போய்விட்டார். மாமியாரும் மருமகளும் ஒரே கட்சியில் நிற்பது அந்த வீட்டில் அபூர்வம்.

மறுநாள் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடைப் பார்க்கப் போனாள். பெயர் பெற்ற பேராசிரியர். காய்ச்சலுக்குக்கூட லீவு கொடுக்க மூக்கால் அழுகிறவர். அவரோ அவள் சொல்லி முடிப்பதற்குள் தலையை ஆட்டினார்.

"தாராளமா போயிட்டு வாம்மா. நல்ல வாய்ப்பு."

"சார், பரிந்துரை நீங்கதான் அனுப்பினீங்களா?"

"நானா... லேபிலிருந்து போயிருக்கும். நீ இல்லாத நேரத்துல உன் டப்பாவ நாங்க பாத்துக்கறோம். அதப் பத்திக் கவலப்படாத."

டப்பாவைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. நேராகப் போய் உறைபெட்டியைத் திறந்தாள். கீழ்த்தட்டில் இருந்த நீல டப்பாவைக் காணோம். மேல்தட்டில் கைடின் பூட்டுப் போட்ட பகுதிக்குள், கம்பி வழியாக அதன் மூலை தெரிந்தது. தன்னை வெளியே அனுப்பிவிட்டு இங்கே ஏதோ நடக்கப்போகிறது என்று முடிவே கட்டிவிட்டாள்.

உறைபெட்டியின் பொறுப்பு 'மீசை'யிடம் இருந்தது. அவளுக்கு அடுத்த வருடம் சேர்ந்த ஆய்வாளர். மீசையைத் தவிர முகத்தில் வேறெதுவும் கண்ணில் படாது. கண்ணாடிச் சாமான் கழுவும் அறையில் அவனைப் பிடித்தாள்.

"என் டப்பாவ யாரு மேல வச்சது?"

"நான்தாங்க்கா."

"யாரு சொல்லி?"

அவன் குழாயை மூடினான். "சார் சொல்லி."

"என் பேர அனுப்பினது?"

"அதுவும் நான்தான்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினான். "யாராவது ஒருத்தர் பேர அனுப்புன்னு சார் சொன்னார். உங்க பேர அனுப்பினேன். அந்த மைக்ரோஸ்கோப்புல பாக்கத் தெரிஞ்சவங்க இங்க ஒருத்தர் வேணும். நீங்க கத்துக்கிட்டு வந்தா என் வேலையும் நடக்கும். எனக்கும் இதுல லாபம் இருக்குக்கா, நான் ஒண்ணும் தர்மம் பண்ணல."

"டப்பா?"

"தண்ணிக்கு மருந்து தயாரிக்கற கம்பெனி ஒண்ணு சாரப் பாக்க வந்துச்சு. உங்க கிருமி மேல அவங்க மருந்த சோதிச்சுப் பாக்கணுமாம். குடுக்கறதா சார் ஒத்துக்கிட்ட மாதிரி தெரியுது. உங்ககிட்ட சொல்லிட்டாரான்னு எனக்குத் தெரியாது."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எனக்கும் அவர்தானே கைடு?"

அந்தப் பதிலில் பொய் இல்லை என்று அவளுக்குப் பட்டது. இருந்தாலும் அவனை முழுதாக நம்பவில்லை. வீட்டுக்குப் போய் அந்த மின்னஞ்சலை மறுபடி படித்தாள். பயிற்சிக்குப் போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். போகாவிட்டால் டப்பாவும் மிஞ்சாது, பயிற்சியும் கிடைக்காது என்பது மெல்ல உறைத்தது.

மறுநாள் காலை கைடின் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். உட்காரவில்லை.

"சார், என் கிருமிகள அந்தக் கம்பெனிக்குக் குடுக்கப் போறீங்களா?"

அவர் பேனாவை மூடினார். "யாரு சொன்னா? இன்னும் எதுவும் முடிவாகல. முடிவானதும் உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். அதுவுமில்லாம, அது லேப் சொத்தும்மா."

"லேப் சொத்துதான் சார். நான் இல்லன்னு சொல்லல. நான் கிளம்பறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுலயும் ஒரு நகல் எடுத்து அரசாங்க நுண்ணுயிர்ச் சேமிப்பகத்துல வச்சிடறேன். யார் கண்டுபிடிச்சதுங்கறது அங்க பதிவாயிடும். கம்பெனிக்கு வேணும்னா அங்க கேட்டு வாங்கிக்கட்டும். நமக்கு உதவித்தொகை தர்ற திட்டத்தோட விதியே அதுதானே சார்?"

அவர் கோபப்படுவார், பட்டமே கிடைக்காமல் செய்துவிடுவார் என்றெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள். அவரோ மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"செஞ்சுக்கோ" என்றார்.

நகல் எடுக்கும் வேலையில் மீசையும் உதவினான். அவன் உதவும்போதெல்லாம் ஒவ்வொரு குப்பியையும் அவள் இரண்டாம் முறை சரிபார்த்தாள். அவனும் அதைக் கவனித்துவிட்டு அடுத்த குப்பியை எடுத்து நீட்டினான்.

அவள் பயிற்சிக்குப் போனாள். அங்கே முதல் வாரம் முழுக்க, எல்லாரும் ஏன் இவ்வளவு அன்பாக இருக்கிறார்கள் என்ற யோசனையிலேயே கழிந்தது. பிறகு ஒரு மதியம், இருட்டறையில், கூடவே கொண்டுபோயிருந்த தன் குழாய்க் கிருமிகளைத் திரையில் உயிரோடு பார்த்தாள். உயிருள்ளவை பச்சையும் செத்தவை சிவப்புமாக, மாடி மேல் மாடி வைத்துக் கட்டிய ஊர் போல நின்றன. இடையிடையே தண்ணீர் ஓட வாய்க்கால் வேறு. மருந்து மேல்மாடியோடு நின்றுவிடுவதும், அடியில் இருப்பவை அசையாமல் பிழைத்துக் கிடப்பதும் கண்ணெதிரே தெரிந்தது. இத்தனை வருடமாகச் சுரண்டியும் தெரியாத ஒன்று. உடனே கணவரை அழைத்து, "நீங்க கொண்டுவந்த குழாய்க்குள்ள ஒரு ஊரே இருக்குங்க" என்றாள். அவர் ஏதோ வீட்டின் தொட்டி மேல் நின்றுகொண்டு, "சரி சரி, நீ சாப்டியா?" என்று கேட்டார்.

திரும்பி வந்தபோது நீல டப்பா கீழ்த்தட்டில் இருந்தது. ஒவ்வொரு குப்பியாக எண்ணிப் பார்த்தாள். குறையவில்லை. கம்பெனி என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பயிற்சியில் பார்த்ததை எழுதிய கட்டுரை வெளியானபோது அவள் பெயர் முதலிலும், மீசையின் பெயர் அடுத்தும், கைடின் பெயர் கடைசியிலும் இருந்தன. மைக்ரோஸ்கோப்பில் பார்க்க அவனுக்கு அவளே கற்றுக்கொடுத்தாள்.

பட்டம் வாங்கிய பிறகு ஊர்க் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். விடைபெறப் போன அன்று கைடு எழுந்து நின்று கைகொடுத்து, "அன்னிக்கு நீ கேட்டது சரிதான்" என்றார். வெட்கப்பட்டுச் சொன்னாரா, வேறு ஏதாவது கணக்கு வைத்துச் சொன்னாரா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. பஸ் நிறுத்தம் வரை அதையே யோசித்துக்கொண்டு நடந்தாள்.