வால்வைத் திறக்கும் முன்

ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். சொந்தமாக ஒரு வெல்டிங் பட்டறை, செங்கல்பட்டில் இரண்டு மாடி வீடு, கழித்துப்போட்ட பேருந்துக் கூட்டுக்குள் கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் வைத்த ஒரு கேரவன். எல்லாம் இந்தக் கையால் ஆனது. ஆகாது என்று சொன்னவர்களே பிறகு வந்து உள்ளே ஏறிப் பார்த்தார்கள். இப்போது முட்டி மடங்குவதில்லை; யார் செய்தது என்று கேட்பாரும் இல்லை. அந்த அலுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

கேரவனில் இரும்பு வேலை சுலபம். தண்ணீர்தான் ஆளைத் தின்னும். வண்டி குலுங்கக் குலுங்க ஒவ்வொரு இணைப்பும் தளரும். அதனால் தண்ணீர் டேங்கின் அடியில் ஒரு வால்வு வைத்தேன். கிளம்பும் முன் அதை மூட வேண்டும். நின்ற பிறகு, எல்லாக் குழாயும் மூடியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். வண்டி ஓட்டும் என் மகனுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். மூடுவான். தொட்டுப் பார்க்கமாட்டான்.

போன கோடையில் ஒரு குடும்பம் மாமல்லபுரம் போக வண்டியை வாடகைக்கு எடுத்தது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அந்த வீட்டு அம்மா கைகழுவப் போயிருக்கிறார். தண்ணீர் வரவில்லை. வீட்டில் செய்வதுபோலக் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டார். சிங்க்கில் சாப்பிட்ட தட்டுகள் துளையை அடைத்துக் கிடந்தன. கடற்கரையில் வண்டி நின்றது. மகன் வால்வைத் திறந்து, பம்பைப் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போனான். எல்லோரும் அலையில் கால் நனைத்துத் திரும்பினால் படிக்கட்டு வழியாகத் தண்ணீர் இறங்குகிறது.

அந்த அம்மாவை மகன் கேட்டதற்கு, "பைப்ப மூடிட்டா தண்ணி வந்தது எப்டிப்பா தெரியும்?" என்றாராம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெருக்குழாயை நம்பியிருந்த நாளில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

ஊறி உப்பிய பிளைவுட் தரையை இரண்டு நாள் குனிந்தபடி நான்தான் பெயர்த்தேன். "இன்னா நைனா, ஒரு பலகைக்குப் போயி பேஜார் பண்ணிகினு கீற" என்றான் மகன்.

அடுத்த வாரம் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஓர் அட்டை ஒட்டியிருந்தான். கிளம்பும் முன் மூடு, நின்றதும் குழாயைத் தொட்டுப் பார், பிறகு திற. நான் சொன்னது, வார்த்தை மாறாமல். கீழே அவன் பெயர். மற்ற கேரவன்காரர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு, பையன் மூளைக்காரன் என்கிறார்களாம்.

சண்டை போடத் தெம்பில்லை. அவனை உட்காரவைத்துச் சொன்னேன்: "வண்டிய நீயே வச்சிக்கோ. அந்த அட்டையில மட்டும் எம்பேரப் போடு. உம்பேருக்கு மேல."